வாலில் கட்டிய எலுமிச்சம்பழம்

அண்ணே,

இன்று ஹட்டனில் ஒரு மேடை அலங்காரக் கடையைக் கடந்தபோது, சூட்டுக் கம்பியால் ரெஜிபோம் என்கிற தெர்மோகோலை அறுக்கும் வாடை வந்தது. நம் தோட்டத்துச் சங்கத் தலைவரின் பாராட்டு விழாவுக்கு அவர் பெயரை எழுத்தெழுத்தாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். நீளமான பெயர், நிறைய ரெஜிபோம் செலவாகியிருந்தது.

உங்களுக்கு இரண்டு ரெஜிபோம் மீன் பெட்டிகள் போதுமாக இருந்தன. அதே வாடைக்குள்தான் உங்கள் தொழிலாளர் லயத்து அறையில், ரிமோட்டில் பறக்கும் அந்த ரேடியோ விமானம் உருவானது. "மெதுவா பறக்கறதுக்குக் காக்கா இருக்கு. நமக்கு வேகம் வேணும்" என்பீர்கள். வேகத்துக்காக இறக்கையைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிதாக்கினீர்கள். மூக்கில் இருந்த பேட்டரியை நூலளவு நூலளவாக நகர்த்தி, விமானம் இரண்டு விரல் நுனியில் சாயாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்போதே அது உங்களுக்குச் சிரமம்தான். வருஷக்கணக்காகத் தேயிலைக்கு மருந்தடித்த நெஞ்சு.

விஷயம் தோட்ட மேனேஜர் தொரையின் காதுக்குப் போனது. "விருந்தாளிங்க முன்னால ஒரு சுத்து ஒழுங்கா பறக்க விடு. மருந்து டாங்கிய எறக்கி வச்சிட்டு பெக்டரி பட்டறைக்கு வந்துடு" என்றார். ஒருவரின் நுரையீரலுக்கு இவ்வளவு நியாயமான பரீட்சை நம் மலையில் அதற்கு முன் வைக்கப்பட்டதில்லை.

விருந்தாளிகள் வந்த அன்று மைதானம் நிறைந்திருந்தது. "அண்ணே, கொழும்புக்கு டிக்கெட் இருக்கா?" என்று ஒருவன் கத்தினான். "உன் எடைக்கு லொறிதான் சரி" என்றீர்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றோடு வந்துவிட்டார். டிராக்டரானாலும் ஆட்டோவானாலும் அவர் கையால் கட்டாமல் நம் தோட்டத்தில் எந்த வண்டியும் ஓடியதில்லை. நேராகப் போய் வாலில் கட்டினார்.

"தலைவரே, வாலு கனத்தா மூக்கத் தூக்கி அடிச்சிரும்."

"திருஷ்டி பின்னாலதான்டா வரும்."

"அப்ப மூக்குலயும் ஒண்ணு கட்டிக்கிறேங்க. சமமாயிரும்."

"சாமி காரியத்துல வெளையாடாத. தொரை காத்திருக்காரு, விடு."

விட்டீர்கள். விமானம் எழுந்தது, எழுந்துகொண்டே போனது. மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர, நீங்கள் ரிமோட் விசையைக் கீழே கீழே என்று தள்ள, அது மல்லாந்து புரண்டு தேயிலைக்குள் குத்தியது. மூன்று மாத வேலை சல்லி சல்லியாகிவிட்டது. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

தலைவர் அதைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா? இது மட்டும் இல்லன்னா ஜனங்க தலையில விழுந்திருக்கும்." கைதட்டினார்கள். விருந்தாளிகளும் தட்டினார்கள். தொரை உங்களிடம் கோபிக்கவே இல்லை. "பரவாயில்ல. நாளைக்கு மேல் மலையில மருந்து இருக்கு, மறந்துடாத" என்றார்.

நீங்கள் மறக்கவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் டாங்கியைச் சுமந்தீர்கள். பிறகு உங்களைச் சுமந்தோம்.

சாவு வீட்டில் தலைவர் அந்தக் கதையைத்தான் சொன்னார். ஊரையே பழம் காப்பாற்றிய கதை. சொல்லி முடித்துவிட்டு, "என்னம்மா, அப்படித்தானே?" என்று உங்கள் மனைவியைக் கேட்டார். உங்களுக்குப் பிறகு அவரும் பிள்ளைகளும் அந்த அறையிலேயே இருக்க, தொரையிடம் தலைவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் மனைவி, கிடத்தியிருந்த உங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமாங்க, பழந்தான் காப்பாத்துச்சு" என்றார்.

அறை கிடைத்துவிட்டது, அண்ணே. "ஆமாங்க" என்ற அந்தக் குரல் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.