பனிப்பூ படம் போட்ட பொத்தான்

மூணாறு

அன்புள்ள பூங்காவனத்துக்கு உன் வீட்டுக்காரன் கொளஞ்சி எழுதிக்கொள்வது. சுகமா? வடக்கனந்தலில் மழை உண்டா? நான் சுகம், தொப்பையும் சுகம். நான் ஊர்த் திருவிழாவுக்கு வராத கோபத்தில் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

முதலாளியின் புதுக் காரில், வழுக்கும் ரோட்டுக்கென்றே பனிப்பூ படம் போட்ட பொத்தான் இருக்கிறது. நான் அதை ஏசி என்று நினைத்துத் தொடவே இல்லை. நேற்று மழையில் ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, கார் பின்னால் வழுக்கித் தேயிலைச் செடியில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை.

“அந்தப் பொத்தானை அமுக்க வேண்டியதுதானே, கொளஞ்சி?” என்றார் முதலாளியம்மா.

“குளிருமேன்னு வுட்டுட்டேங்கம்மா.”

அமுக்கியதும் கார் பூனைபோல ஏறிவிட்டது. கல்வராயன் மலையில் மழைக்கு நான் மினி லாரியை இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளப்புவேனே, அந்தப் பொத்தான் செய்வதும் அதே வேலைதான்.

என் கம்பளிச் சட்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பு. இங்கே சாப்பிடும்போது சுவர்தான் எதிரில் உட்காருகிறது. எவ்வளவு கிண்டல் செய்தாலும் அது திட்டுவதில்லை.

கார் நின்றதும் முதலில் உனக்குத்தான் போன் போட்டேன். மணி அடித்து நின்றுவிட்டது.

வண்டி எடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் போடுவேன். “இன்னாய்யா, உசுரோட இருக்கியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடு.

கொளஞ்சி