நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தவள்

அண்ணே,

முதல் பாகத்துக்கு நீங்கள் மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் மதினி அதை என் கையில் கொடுத்தபோது தோல் வாசனை அடித்தது. உங்கள் டிக்கெட் பையும் புத்தகங்களும் ஒரே அலமாரியில் ஒரு வருடமாகக் கிடந்திருக்கின்றன. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

'ஏழாற்று நாடு' டிவித் தொடராக வந்துவிட்டது, அண்ணே. அன்று மத்தியானமே உங்கள் மகள் பரிதா போன் செய்தாள். "அத்தை, மொத எபிசோடு வந்துருச்சு. நீங்க வந்தாத்தான் போடணும்னு அம்மா ரிமோட்ட எடுத்து வச்சுக்கிருச்சு" என்றாள். லேபில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, சாயங்காலம் கம்பத்தில் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும் பாயில்தான் உட்கார்ந்தேன்.

நமக்குள் பழக்கம் வந்ததே அந்தக் கதையால்தான். இருபது வருடத்துக்கு முன்னால் உத்தமபாளையத்தில் இருந்து தேனிக்கு லேப் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் அந்த பஸ்ஸின் கண்டக்டர். உட்கார இடம் கிடைத்த ஒரு காலையில் இரண்டாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட்டை நீட்டிய உங்கள் கை அப்படியே நின்றது. "ஆறு பேசுற கதையா தாயி? பஸ்ஸுல யாரோ விட்டுட்டுப் போன பத்திரிகையில ஒரு அத்தியாயம் படிச்சேன். மொத பாகம் இருக்கா?" என்று கேட்டீர்கள். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏழு ஆறுகளும் பேசுகிற நாடு அது. அங்கே ஓடம் விடுகிற பெண் மாதுளி. ஆறு அழைத்தால் ஓடக்காரி போயாக வேண்டும். எங்கே, எத்தனை நாள் என்று கேட்கக் கூடாது. முதல் பாகத்தின் முடிவில் ஆறு அவளை அழைக்கிறது. தாய் கரையில் நிற்கிறாள். மாதுளி துடுப்பைப் போடுகிறாள். 'அவள் திரும்பிப் பார்க்கவில்லை' என்ற வரியோடு பாகம் முடிகிறது. அந்த ஒரு வரிக்காகவே எழுதியவரைக் கும்பிடலாம் என்று நினைத்திருந்த வயது எனக்கு.

நான்கு நாள் கழித்துப் புத்தகத்தை என் மடியில் வைத்தீர்கள். முகம் சரியில்லை. "ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன கொறஞ்சுபோகும்?" என்றீர்கள்.

"திரும்பிப் பாத்தா போக முடியாதுண்ணே. அதுதான் கதையே" என்றேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அடுத்த சீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதன் பிறகு மூன்று மாதம் போல இரண்டாம் பாகத்தை நீட்டினால் "இருக்கட்டும், பொறகு பாப்போம்" என்று நகர்ந்துவிடுவீர்கள். இவருக்குக் கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். திடீரென்று ஒருநாள் நீங்களாகவே வந்து, "ரெண்டாம் பாகத்தக் குடு தாயி, வீட்ல கேக்குறாக" என்றீர்கள். வீட்டில் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. மதுரைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடையில் ஆறு பாகத்தையும் தேடி வாங்கி வந்தீர்கள். ஆற்றங்கரையில் இருக்கிற வீரபாண்டி வந்தால், "மாதுளி எறங்குற எடம், எறங்குறவுக எறங்கலாம்" என்று சத்தம் கொடுப்பீர்கள். கோவிலுக்கு வந்தவர்கள் விழிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பேன். "இத மட்டும் யாரும் படமா எடுத்துறக் கூடாது தாயி. எடுத்தா கெட்டுப்போகும்" என்றும் சொல்வீர்கள்.

நீங்கள் பயந்த அளவுக்குக் கெட்டுப்போகவில்லை, அண்ணே. குறை இருக்கிறது. ஓடம் நேற்றுத்தான் வார்னிஷ் அடித்தது போலப் பளபளக்கிறது. ஆற்றில் கிடக்கிற பெண்ணுக்குப் புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. எல்லோரும் செய்தி வாசிக்கிற தமிழில் பேசுகிறார்கள். முதல் கால் மணி நேரம் நான் உச்சுக் கொட்டியபடியே இருந்தேன். பிறகு ஆறு பேசுகிற இடம் வந்தது. அதற்கு யாரோ ஒரு நடிகர் குரல் கொடுத்திருப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். குரலே இல்லை. தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள் உருளும் சத்தம் மட்டும். அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டது புரிந்துவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஆறு எப்படிப் பேசும் என்று எத்தனையோ நாள் பேசியும் நமக்கு இப்படித் தோன்றவில்லையே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு புடவைச் சுருக்கம் என் கண்ணில் படவில்லை.

கடைசியில் அந்தக் காட்சி. தாய் கரையில் நிற்கிறாள். ஓடம் நகர்கிறது. மாதுளியின் முதுகுதான் தெரிகிறது. புத்தகத்தில் இருக்கிறபடியே அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அட, மாற்றாமல் விட்டார்களே என்று எனக்கு நிறைவாக இருந்தது.

"தப்பா எடுத்துருக்காக" என்றார் மதினி.

எனக்குப் புரியவில்லை. மதினிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்ட வராது. ஆறு பாகத்தையும் நீங்கள்தான் சாயங்காலங்களில் அவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"இங்கன அவ திரும்பிப் பாக்கணும்" என்றார். "நடு ஆத்துல துடுப்ப நிறுத்திட்டுத் திரும்புவா. கரையில ஆத்தா நிப்பா. கண்ணு மறையிற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருப்பாக. உங்க அண்ணன் அப்படித்தான் சொன்னாக."

பரிதா என்னைப் பார்த்தாள். அவள் எல்லாப் பாகங்களையும் படித்தவள். அப்படி இல்லை மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதினி டிவியை அணைத்துவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"எங்க மூத்தவன் ஒனக்குத் தெரியாது தாயி. அஞ்சு வயசு. காய்ச்சல்ல போயிட்டான். பொம்பளக அடக்கம் பண்ற மையவாடிக்குப் போக மாட்டோம், வாசலோட சரி. உங்க அண்ணன் பிள்ளையத் தூக்கிட்டுத் தெரு முக்கு வரைக்கும் போறாக, நான் பாத்துக்கிட்டே நிக்கேன். ஒரு தடவ திரும்பிப் பாக்கல. ரெண்டு வருசம் நான் அவுகளுக்கு மொகம் குடுத்துப் பேசல. ஒருநாள், ஒரு கதை சொல்றேன் கேக்குறியான்னாக. அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்த எடத்தச் சொல்லும்போது என்னையப் பாக்கல, செவத்தப் பாத்துச் சொன்னாக. அன்னைக்குத்தான் நான் அழுதேன். அடுத்த வருசம் பரிதா பொறந்தா."

அத்தனை வருடம் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறோம். அந்தப் பையனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அன்று உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போதே எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

மதினி என் முகத்தையே பார்த்தார். "நீ படிச்சவ. சொல்லு. புக்குல அவ திரும்பிப் பாக்குறாளா இல்லையா?"

"பாக்குறா மதினி. டிவிக்காரகதான் மாத்திட்டாக" என்றேன். அந்த இயக்குநர் யாரோ, நல்லபடியாக எடுத்தவர் தலையில் பழியைப் போட்டேன். மதினி தலையை ஆட்டிக்கொண்டு டீ போட உள்ளே போனார்.

கிளம்பும்போது பரிதா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும், "அத்தை, எங்க அத்தா தவறிப்போன மாசமே அந்தப் பக்கத்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். அம்மாதான் படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. புக்குல என்ன இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

தெரிந்துதான் கேட்டிருக்கிறார், அண்ணே. நீங்கள் சொன்னதை இன்னொருவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருந்திருக்கிறது. பரிதா புத்தகத்தில் உள்ளதைப் படித்துக் காட்டிவிட்டாள். இனி அந்தக் கதையை உங்களைப் போலச் சொல்ல அவருக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, கூட வேலை செய்கிற செல்வி, தொடரின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அது என்ன கதை என்று கேட்டாள். சோற்றைப் பிசைந்தபடியே சொல்ல ஆரம்பித்தேன். ஆறு அழைத்தது, தாய் கரையில் நின்றாள், மாதுளி துடுப்பைப் போட்டாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன்.

"நடு ஆத்துக்குப் போனதும் அவ திரும்பிப் பாத்தா" என்றேன்.