உன் அம்மாவின் பதினொரு பாட்டு

சேசு மரி சூசை துணை

தலத்தெரு, காரைக்கால்
20-3-2025

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சார்லசும் பேரனும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

தொண்டை ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது, குழைந்த சோறு இறங்குகிறது, குரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். கோவிலில் பாட்டு ஆரம்பித்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. போன திங்கட்கிழமை, என் பாட்டைப் போடுங்க என்று எழுதிக் காட்டினாள். அவளே மெட்டுப் போட்டு நாகப்பட்டினத்தில் ஒரே நாளில் பாடிப் பதிவுசெய்த பதினொரு பாட்டு, நீ பத்தாவது படித்தபோது சிடியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினோமே, அது. நீ வாங்கிக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டரில் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது, தட்டினால் அனுமதி இல்லை என்று ஒரு கட்டம் வருகிறது. பதினொன்றையும் தட்டிப் பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

தாவூதைக் கூப்பிட்டுக் காட்டினேன், அப்போது கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன், இப்போது செல்போன் கடை. பாட்டு இருக்கு சார், பூட்டியிருக்கு, சாவி பழைய மிஷின்லதான் இருந்துச்சு, அது எங்கங்க என்று கேட்டான். எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் ஜனவரியிலேயே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். சாவி புதுப்பித்துத் தருகிற வேலையையும் கம்பெனிக்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். சிடியாவது இருக்கிறதா என்றால், அதுதான் ஏற்றியாகிவிட்டதே என்று நான் சொன்னதை நம்பி, ஏற்றிய அந்த வாரமே மொட்டைமாடியில் நெத்திலி காயப்போட்ட இடத்தில் காக்காய் விரட்ட உன் அம்மாவே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். வெயிலில் மேல்பூச்சு உரிந்து போயிற்று. தாவூது என் முகத்தை ஒரு பார்வை பார்த்தான், அம்மா இருந்ததால் மேற்கொண்டு பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. பூட்டு தானாக விழவில்லை ஜெமிமா, போட்டவன் நான். அந்த வருஷம்தான் உன் ஆன்லின் சித்தி பாடகர் குழுவுக்குத் தலைவியானாள், கூடப் பிறந்த அக்காவையே ஒதுக்கிவிட்டாள் என்று எனக்கு ஒரு புகைச்சல். அக்கா பாட்டை எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க அத்தான் என்று கேட்டாள். நம் வீட்டு மெட்டைப் பாடி இவள் பேர் வாங்குவதா என்று தோன்றியது. நம் கம்ப்யூட்டரில் மட்டும் பாடும்படி செய்ய முடியுமா என்று தாவூதைக் கேட்டேன், அவன் காட்டிய இடத்தில் நானே டிக் போட்டு ஏற்றினேன், பாடாது என்று தெரிந்தே அவளுக்குக் காப்பியும் கொடுத்தேன். இரண்டு ஞாயிறு கோவில் வாசலில், பாட்டு பாடவே மாட்டேங்குது அத்தான் என்று வந்து நின்றாள். உன் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நேற்று இதுவரை எழுதி மடித்து வைத்தேன். இன்று காலை மனசு கேட்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிலேட்டை எடுத்து, தெரியும், ஆன்லின் அப்பவே வந்து அழுதா என்று எழுதினாள். பதினேழு வருஷம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை பார். அப்போது திட்டியிருக்கலாம், குரல் இருந்தது. இப்போது நான் திட்டச் சொன்னாலும் அவளால் முடியாது. அவள் சிலேட்டைத் துடைத்துவிட்டு, மீன் வந்திருக்கும் என்று எழுதிக் காட்டினாள். பையை எடுத்துக்கொண்டு போனேன்.

இன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும் ஆன்லின் வீட்டுக்குப் போகிறேன். கதவைச் சாத்தினாலும் நியாயம்தான். பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போட்டு வெளியே கூட்டிப் போ, வேலை வேலை என்று நீ சாப்பிடாமல் கிடக்காதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே. அக்டோபருக்கு முன்னால் அம்மா வாட்ஸ்அப்பில் உனக்குப் பேசி அனுப்பியது ஏதாவது போனில் இருக்கிறதா பார். ரசத்துக்குப் பக்குவம் சொன்னதானாலும் சரி, என்னைப் பற்றிப் புகார் சொன்னதானாலும் சரி. இருந்தால் முதலில் சித்திக்கு அனுப்பு, அவளுக்குத் திறந்து கேட்கிறதா என்று விசாரித்த பிறகு எங்களுக்கு அனுப்பு. அழித்துவிட்டிருந்தால் அழித்துவிட்டேன் என்றே அம்மாவிடம் சொல்லிவிடு மகளே, போனில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அப்பா
ஆரோக்கியஜோசப்