பெறுகிறவளுக்குத்தான் லீவு

புதுக்கோட்டை
12-11-1960

அன்புள்ள அழகிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கரக்பூர் குளிரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சௌக்கியம், நான் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம். காரணம் கடிதத்தின் அடியில் இருக்கிறது, கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பும் உன் புத்தியை இதில் காட்டாதே.

எனக்கு மில்லில் லீவு கிடைக்காவிட்டால் நீ தலைப்பிரசவத்துக்கு ஊருக்கே வரமாட்டாய், அங்கே ஆஸ்பத்திரியில் தனியாகப் பெற்றுக்கொள்வாய் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து எங்கள் சங்கத்து உடையப்பன் ஒரு மனுவோடு வந்தான். பிரசவத்துக்குப் பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று டில்லியில் புதுச் சட்டம் கொண்டுவரப் பேச்சு நடக்கிறதாம், அதற்குக் கையெழுத்து வேண்டுமாம். நான் கையெழுத்தோடு நிற்காமல் அடியில் இரண்டு வரி சேர்த்தேன். மகள் பிரசவத்துக்குத் தாய்க்குப் பதினைந்து நாள், துணி துவைத்துப்போட மாப்பிள்ளைக்குப் பத்து நாள். ஏன் அக்கா, மாமியாருக்கு ஒண்ணும் கேக்கலையா என்றான். அவர்கள் வேலைக்குப் போனால் கேட்கிறேன் என்றேன்.

சட்டம் வருகிறபோது வரட்டும் என்று லீவு எழுதும் வீரய்யாவிடம் ஒரு காகிதம் நீட்டினேன். பெறப்போறது ஒங்க மக, லீவு ஒங்களுக்கா என்று கேட்டார். என்னோடு நூல் சுற்றும் சந்தனமேரி விடுவாளா, ஒங்க வீட்டம்மா பெத்தப்ப நாலு நாள் வரலையே, நீங்களா பெத்தீங்க என்று கேட்டுவிட்டாள். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. இருக்கிற சட்டப்படி பெறுகிறவளுக்குத்தான் லீவு, முன்னால் மூன்று வாரம், பின்னால் நாலு வாரம், மற்றவர்களுக்குக் கிடையாது என்று முடித்துவிட்டார். மறுநாள் டாக்டரம்மா சீட்டோடு இரண்டாவது காகிதம் கொடுத்தேன். படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். லீவு எழுதியாகிவிட்டது.

ஆமாம் அழகி, உனக்குத் தம்பியோ தங்கையோ வருகிறது. முப்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. உன் அப்பா ஒரு மாதமாகப் பேப்பருக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார். உனக்கு மாசி நடுவில், எனக்குப் பங்குனி பிறந்ததும். உனக்கு வலி எடுக்கும்போது நான் வீட்டில்தான் இருப்பேன். நான் படுத்ததும் அரிமளத்திலிருந்து கண்ணாத்தாள் அத்தை வந்து இருவருக்கும் ஒரே உரலில் மருந்து இடிப்பார்கள்.

காது குத்த மடி கொடுக்கத் தாய்மாமன் இல்லாத வீடு என்று உன் மாமியார் கல்யாணத்திலேயே குறைப்பட்டார்களே, அதுவும் தீரலாம் என்று சொல். மாமன் மருமகனைவிட இரண்டு வாரம் இளையவனாக இருந்தால் யார் மடியில் யார் உட்காருவது என்று மட்டும் உன் அப்பாவுக்கு விளங்கவில்லை.

தை பிறந்ததும் மாப்பிள்ளையோடு புறப்பட்டு வந்துவிடு, பெட்டி எதையும் நீ தூக்காதே. இரண்டு உயிரும் நல்லபடியாக வந்து சேர என் ஆசிகள். பழைய சேலைகள் இருந்தால் நிறையக் கொண்டுவா, தொட்டில் இரண்டு கட்டவேண்டும்.

உன் அம்மா,
செங்கமலம்