டம்ளர் தட்டிய சத்தம்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், போன வாரம் வரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகு நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் இரண்டு வரி செய்தி அனுப்புகிறாய், என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நீங்கள் எல்லாரும் கூட்டுச் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். நான் அடுப்படியிலிருந்து வந்தால் அப்பாவும் உன் தங்கை வாலுவும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியும் அப்படித்தான், வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று அவளோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை.

இந்த லட்சணத்தில் வாலுவின் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஏழாவது படிக்கிற பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியைப் பிடித்து, தாங்களே சோதனை செய்து பதில் கண்டுபிடிக்க வேண்டுமாம். அப்படியானால் டீச்சருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டேன், அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உலகத்தில் எவ்வளவோ கேள்வி இருக்க, நம்முடையவள் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா, வீட்டில் யாருக்கு எவ்வளவு தூரம் வரை காது கேட்கும் என்று. டம்ளரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து ஸ்பூனால் மெல்லத் தட்டுவாள், சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் தள்ளிப்போய்த் தட்டுவாள். வீட்டு விஷயம் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு, இன்றைக்குக் காதை அளப்பார்கள், நாளைக்குச் சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை அந்த டீச்சர் கைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் தட்டும்போது தோள் லேசாக அசையும், நான் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அவள் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் போய் நின்று தட்டினாள், அப்போதும் தூக்கினேன். அப்பாவே வாயைப் பிளந்துவிட்டார்.

அதுதான் வினையாகிப் போனது. டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ, கண்காட்சி அன்று உங்கம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டு வா, எல்லார் முன்னாலும் செஞ்சு காட்டலாம் என்று சொல்லி அனுப்பினாளாம். அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஒரு மேசையில் மழைத்தண்ணீரை வடிகட்டும் தொட்டி, ஒரு மேசையில் வெளிச்சம் வரும் பக்கமே வளைகிற பயறுச் செடி, ஒரு பையன் பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்திருந்தான். அந்த அட்டையின் விளிம்பைப் பார்த்ததுமே அது பெரிய ஆள் கைவேலை என்று கண்டுபிடித்துவிட்டேன், என்னை யார் ஏமாற்ற முடியும். அந்தப் பெருமையோடு போய் உட்கார்ந்தேன். வேறு சில அம்மா அப்பாக்களையும் வரிசையாக உட்காரவைத்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் துணியால் கண்ணைக் கட்டினார்கள். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்தேயிருந்தேன். இவர்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, வேண்டுமென்றே காக்க வைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. தட்டுறதுன்னா சீக்கிரம் தட்டுங்க, எனக்கு வேலைக்கு நேரமாகுது என்று சத்தமாகவே சொன்னேன். துணியை இழுத்துவிட்டுப் பார்த்தேன். வரிசையில் எல்லார் கையும் மேலே இருந்தது. வாலு எனக்குக் கை எட்டும் தூரத்தில், டம்ளரோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். பெரியவளே, அவமானம் என்றால் அதுதான். அந்தக் குழந்தை நோட்டில் எதையும் எழுதவில்லை, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வந்து என் வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, வாம்மா, வீட்டுக்குப் போலாம் என்றாள். அது எனக்கு நன்றாகக் கேட்டது.

டாக்டரிடம் போனோம். இத்தனை வருஷம் வெட்டும் மெஷின் பக்கத்திலேயே நின்றதில் இடது காது போய்விட்டதாம், வலதில் பாதிதான் மிச்சமாம், காதுக்கு மெஷின் மாட்டினால் கேட்குமாம். அவருக்கு அந்த மெஷின் கடைக்காரனோடு ஏதாவது உறவு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம், ஆனாலும் மாட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறேன். பக்கத்து மெஷின்காரியிடம் நானாகப் போய்ப் பேசினேன், அவள் பாவம், இவ்வளவு நாளும் நான்தான் கோபமாக இருப்பதாக நினைத்திருக்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைசியாக என்னோடு பேசிய ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப நேரம் ஏதோ சொன்னாய். நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். நான் எப்போதும் போல, சரிம்மா, உன் இஷ்டம் என்றேன். அதோடு நீ போனை வைத்துவிட்டாய். அப்பாவிடம் நேற்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர், அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவங்களையே கேட்டுக்குங்கன்னு பெரியவ எழுதியிருக்கா, நீ சொல்லுவேன்னுதான் நான் காத்துக்கிட்டு இருக்கேன் என்கிறார். அவர் மறைக்கிறார் என்று நான் பொருமிக்கொண்டிருக்க, நான் மறைப்பதாக அவர் நினைத்திருக்கிறார். யாரும் எதையும் மறைக்கவில்லையடி. எனக்குத்தான் கேட்கவில்லை.

அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழிக்காதே, நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், எங்கே இருந்தாலும் மனசு குளிர்ந்து இரு. மறக்காமல் பதிலைக் காகிதத்தில் எழுது, பெரிய எழுத்தாக வேண்டாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று முதலிலிருந்து சொல். உன் இஷ்டம் என்று நான் எந்த விஷயத்துக்குச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்
அம்மா