நைரோபிப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியது

மார்ச் 4, செவ்வாய்

நாவலூர் ஆபீசில் எங்களுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரி பில் போடும் வேலை. இன்னிக்கு மேனேஜர் கூப்பிட்டு, நைரோபியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு என் வேலையை வீடியோ காலில் சொல்லித்தரச் சொன்னார். "சும்மா பேக்கப்புக்குத்தாம்மா." நான் கேட்கவே இல்லையே, எதற்குச் சொன்னார்?

அமெரிக்க எலெக்‌ஷனில் கத்திய கத்தலுக்கு, வேலை திரும்ப அங்கேயே போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தோம். பக்கத்து சீட் குமார் சிரிக்கிறான். "அங்க இன்னாத்துக்குப் போவுது? நம்மள விட கம்மி சம்பளம் எங்க கீதோ அங்கதான் போவும்."

எனக்கு இதைச் சொல்லித்தந்தவள், அமெரிக்காவில் இதே வேலையிலிருந்த லிண்டா. இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காமல் திரும்பி வரும் பில்லை என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நாளைக்கு முதல் கால். திரும்பி வரும் பில்லை நானும் மறந்துவிடப் போகிறேன்.