கார்ப்பெட் லாரிக்குப் போகாது

என்னங்க,

சோறும் நெத்திலிச் சம்பாலும் மேசையில மூடி இருக்கு. சாப்பிட்டுட்டு இதைப் படிங்க.

நேத்து நீங்க குப்பை மேட்டுல போட்ட கார்ப்பெட்டைக் காலையில நானே வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். நம்ம சிகாமட் ஊர்ல வெள்ளம் வடிஞ்சா எல்லாரும் எல்லாத்தையும் வீசுறாங்க, சரி. ஆனா இந்த நாத்தம் வெள்ளத்தால வரல. ஈரம் காயறதுக்குள்ள சுருட்டி மூலையில நிறுத்தினீங்களே, அதனால வந்தது. அப்பவே வேணாம்னு சொன்னேன்.

சவுக்காரம் போட்டுத் தேய்ச்சு, வினிகர் தண்ணியில அலசி, வேலியில போட்டிருக்கேன். பன்னிரண்டு மணிக்குத் திருப்பிப் போடுங்க. மழை வந்தா உள்ளே விரிச்சு வைங்க, சுருட்டாதீங்க.

மத்தியானம் குப்பை லாரி வரும். ஆளுங்க கேட்டா, வீட்டுக்காரி கொடுக்கமாட்டாளாம்னு சொல்லுங்க. வெட்கமா இருந்தா என் நம்பரைக் கொடுங்க.

ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வந்து, "புதுசு வாங்க வக்கில்லையா?"ன்னு கேப்பாங்க. அதுலயே உட்கார வைங்க. பதில் சொல்ல நான் இருப்பேன்.

ரூபினி

பி.கு: ஈரக் கார்ப்பெட் கனம், உங்க முதுகுக்கு ஆகாது. திருப்பறதுக்குப் பக்கத்து வீட்டு ஜுனைத்தைக் கூப்பிடுங்க. நேத்து வெளியே தூக்கிட்டுப் போக மட்டும் கூப்பிடத் தெரிஞ்சதுல்ல.